ஆழ்கடல் வேலையும் ஆழமறியாத அறிவுரையும்

கடல்மேற் சென்று உழைக்க விரும்பும் தமிழ் இளைஞனுக்குக் கொழும்பிலே இரண்டு வகையான அறிவுரைகள் கிடைக்கின்றன. "எப்படியாவது காசைக் கட்டிப் போய்விடு தம்பி, இரண்டு வருடத்தில் வீடு கட்டலாம்" என்பது ஒன்று. "படித்த பிள்ளை கப்பலிலே கூலிக்குப் போவதா? இங்கேயே ஒரு கந்தோர் வேலை பார்" என்பது மற்றது. முன்னதைச் சொல்பவர்கள் தரகர்களும், தரகரிடம் தப்பிக் கரைசேர்ந்த சில அதிர்ஷ்டசாலிகளும் ஆவர். பின்னதைச் சொல்பவர்கள் பெற்றோரும் ஆசிரியரும். ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே அறியாமையின் இரு முகங்களாகும். அவ்வேலை யாது, அதற்கு எத்தகைய தேர்ச்சி வேண்டும், அதிலே மனிதர் எவ்வாறு சாகின்றனர், எவ்வாறு பிழைக்கின்றனர் என்னும் வினாக்களை இரு சாராருமே எழுப்பியதில்லை.

களுபோவிலையிலும் வெள்ளவத்தையிலும் வாடகை வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கும், கொட்டாஞ்சேனையிலே துறைமுகத்தை நம்பி வாழ்ந்தவர்களின் பிள்ளைகளுக்கும் இது வெறும் பேச்சுப் பொருளன்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியிலே ஒரு டொலரின் விலை 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவளவுக்கு ஏறியது. அவ்வோராண்டிலே மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்கெனப் பதிவு செய்துகொண்டு நாட்டை விட்டு வெளியேறினர். டொலரிற் சம்பளம் பெறும் எந்த வேலையும் அன்று தொடக்கம் ஒரு மீட்சியாகவே காட்சியளிக்கிறது. ஊரிலுள்ள காணி உறுதியும், தாயின் தாலிக்கொடியும், தங்கையின் சீதனத்துக்கென ஒதுக்கிய நகையும் அடகுக்குப் போவது இத்தகைய மீட்சியை நம்பியேயாம். ஆகவே அறிவுரை பிழைத்தால் பிழைப்பது ஓர் இளைஞனின் எதிர்காலம் மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் கடைசிக் கையிருப்புமாகும்.

இங்கே பழம்பெருமை பேசுவோர் உடனே குறுக்கிடுவர். சோழரின் கடற்படை, பூம்புகாரின் துறைமுகம், கடல் கடந்தும் பொருள் தேடச் சொன்ன ஒளவை எனப் பட்டியல் நீளும். இராசேந்திரன் கடாரத்தை வென்றமை, இன்றைய இளைஞன் ஒருவன் உயிர்காப்புத் தோணியை இறக்கப் பழகுவதற்கு எவ்வகையிலும் உதவாது. பெருமை பேசத்தான் வேண்டுமாயின் அண்மைக் காலத்தைப் பேசலாம். வல்வெட்டித்துறையிலே கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறைக் கடலோடிகளால் செலுத்தப்பட்டு, 1938 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மாசச்சூசெற்சிலுள்ள குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அவ்வோட்டத்தை இயலச் செய்தது வீரம் மட்டுமன்று. மரந்தெரிந்து கலங்கட்டும் தொழில், காற்றறிந்து பாய்விரிக்கும் தொழில், தந்தையிடமிருந்து மகன் கற்ற நெடுங்காலப் பயிற்சி என்பனவே அதனை இயலச் செய்தன. 1970களிலே யாழ்ப்பாண இளைஞர் பலர் கிரேக்கக் கப்பல்களில் வேலைக்குச் சென்றனர். அவர்களது தலைமுறையில், கப்பலுக்குப் போனவன் வீடு கட்டினான் என்ற செய்தி ஊரிலே நிலைத்தது. அவன் அங்கே எதனைக் கற்றான், எதனை இழந்தான் என்ற செய்தி நிலைக்கவில்லை. பணத்தின் கதை மட்டும் எஞ்சித் தொழிலின் கதை அழிந்துபோன இடத்திலேதான் தரகன் கடை விரிக்கிறான்.

முதலிலே சொற்களைத் தெளிவாக்கிக் கொள்ளல் வேண்டும். 'கப்பல் வேலை', 'ரிக் வேலை', 'ஓப்ஷோர் வேலை' என்பன பேச்சு வழக்கிலே ஒன்றாகக் கலந்துவிட்டன. சரக்குக் கப்பலிலே மாலுமியாக இருப்பவன் வேறு. கடலின் நடுவே எண்ணெய் மேடையிலே குழாய் பொருத்துபவன் வேறு. அம்மேடைக்கு ஆட்களையும் பண்டங்களையும் கொண்டு செல்லும் துணைக் கப்பலிலே பணிபுரிபவன் வேறு. எண்ணெய் மேடையிலே நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேர வேலை வழக்கம். இரண்டு, மூன்று, நான்கு கிழமைகள் தொடர்ந்து உழைத்துப் பின்னர் கரையிலே ஓய்வெடுப்பர். துளையிடுவோர், பாரந்தூக்கி இயக்குவோர், ஒட்டுவேலைக்காரர், மின்வினைஞர், சாரங்கட்டுவோர், வர்ணம் பூசுவோர், சமையற்காரர், மருத்துவ உதவியாளர் என ஒரு சிற்றூருக்குரிய அத்தனை தொழிலாளரும் அங்குண்டு. அவர்களிற் பலர் எண்ணெய்க் கொம்பனியின் ஊழியரல்லர். கொம்பனி கொந்தராத்துக்காரனுக்குக் கொடுக்கும். அவன் துணைக் கொந்தராத்துக்காரனுக்குக் கொடுப்பான். அவன் ஆள்சேர்க்கும் முகவரை நாடுவான். இச்சங்கிலியின் கடைக்கண்ணியிலேயே களுபோவிலை இளைஞன் பிணைக்கப்படுகிறான். விபத்து நேரும்போது அவன் யாருடைய ஆள் என்ற வினாவுக்கு விடை தேடுவதே ஒரு பெரும் வழக்காகிவிடுகிறது.

இனித் தரகனின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். "காசு கட்டாமல் யார் வேலை தருவான்?" என்பதே அவனது முதலும் முடிவுமான வாதம். இதற்கு விடை சர்வதேசச் சட்டத்திலேயே இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2013 ஆகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2017 ஜனவரியில் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. கப்பலிலே வேலை பெற்றுக் கொடுப்பதற்காகக் கடலோடியிடமிருந்து நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் எதனையும் அறவிடலாகாது என்பது அதன் விதி. மருத்துவச் சான்றிதழ், கடலோடியின் பதிவுப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவு மட்டுமே அவனைச் சாரும். வீசாச் செலவுகூட அவனுடையதன்று. ஆகவே கப்பல் வேலைக்கென இலட்சக்கணக்கிற் பணங் கேட்பவன் 'கொஞ்சம் கூடுதலாக' வாங்குபவனல்லன். விற்பனைக்குரியதல்லாத ஒன்றை விற்பவனாவான். பணத்தை 'பயிற்சிச் செலவு', 'பதிவுச் செலவு', 'கப்டனுக்குக் கொடுப்பது' எனப் பல பெயர்களால் அழைப்பதால் அதன் இயல்பு மாறிவிடாது.

ஆயின் எண்ணெய் மேடையின் நிலை வேறென்பதையும் மறைத்தலாகாது. கடற்படுகையிலே நிலையாக ஊன்றப்பட்ட மேடை கப்பலன்று. அங்கே பணிபுரிபவன் அனைவரும் மேற்கூறிய சமவாயத்தின் பாதுகாப்புக்குள் வருவதில்லை. மத்திய கிழக்கு நாடொன்றின் மேடைக்கு ஒருவன் அனுப்பப்படுவானாயின் அவனது காப்பு அந்நாட்டின் தொழிற் சட்டத்திலும், அவன் கையொப்பமிடும் ஒப்பந்தத்திலும், 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலே செய்யும் பதிவிலும் தங்கியிருக்கும். 'முதலில் விசிற் வீசாவிற் போ. அங்கே போனதும் மாற்றித் தருவோம்' என்று சொல்லும் முகவன் இம்மூன்று காப்புகளையும் ஒரே வாக்கியத்தால் அறுத்துவிடுகிறான். பாதுகாப்புக் குறைந்த இடத்திலே பணங் கேட்பது எளிது என்பதாலேயே 'ரிக் வேலை' தரகனின் வாயிலே இத்துணை இனிக்கிறது என்பது நோக்கற்பாலது.

இவ்விடத்திலே பணவிரயம் பற்றிய முறைப்பாட்டோடு பலர் நின்றுவிடுகின்றனர். அதனினும் பாரதூரமான ஒன்றுண்டு. கடன்பட்டுப் போனவன் கடலிலே 'மாட்டேன்' என்று சொல்லும் வலுவை இழந்தவனாகிறான். அவ்வலுவே அவனது உயிர்க்காப்பாகும். இதனை விளங்கிக்கொள்ள மூன்று விபத்துக்களை நோக்கினாற் போதும்.

1988 ஜூலை 6 ஆந் திகதி இரவு, ஸ்கொத்லாந்துக்கு அப்பால் வடகடலிலே பைப்பர் அல்பா என்னும் மேடை வெடித்தெரிந்து 167 பேர் மாண்டனர். பகல் வேலைக்காரர் ஒரு பம்பியின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தனர். அச்செய்தி இரவு வேலைக்காரருக்குச் சரிவரச் சென்று சேரவில்லை. அவர்கள் அப்பம்பியை இயக்கினர், வாயு கசிந்தது. தங்குமிடத்திலே கூடி, வராத கட்டளைக்காகக் காத்திருந்தோர் பெருந்தொகையாகப் புகையிலே இறந்தனர். தப்பிய 61 பேரிலே பலர் தாமாகவே கடலிற் குதித்தவர்கள். 1990 இலே வெளிவந்த கலன் பிரபுவின் விசாரணை அறிக்கை 106 விதப்புரைகளைச் செய்தது. வேலை அனுமதிப் பத்திரம் இன்றி எதனையும் தொடக்கூடாது என்னும் ஒழுங்கு இன்று மேடைகளிலே இத்துணைக் கண்டிப்பாக இருப்பதற்கு அந்த 167 பிணங்களும் காரணமாகும்.

2005 ஜூலை 27 ஆந் திகதி மும்பைக்கு அப்பாலுள்ள 'பொம்பே ஹை' எண்ணெய் வயலிலே, காயமுற்ற சமையற்காரர் ஒருவரை மேடைக்கு மாற்றுவதற்காக நெருங்கிய துணைக் கப்பலொன்று, எரிபொருள் மேலெழும் குழாயிலே மோதியது. தீ மேடையையே விழுங்கியது. 22 பேர் இறந்தனர். 2021 மே மாதம் அதே கடற்பரப்பிலே 'தௌக்தே' புயலின்போது பணியாளர் தங்கியிருந்த பி-305 என்னும் மிதவை நங்கூரமிழந்து மூழ்கியது. அதிலும் ஓர் இழுவைப் படகிலுமாக 80க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். புயல் பற்றிய எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது. மிதவை பாதுகாப்பான துறைமுகத்துக்குச் செல்லவில்லை. அதிலிருந்தோரிற் பெரும்பாலோர் கொந்தராத்துத் தொழிலாளர்.

இவ்விபத்துக்களுக்கிடையே ஓர் ஒற்றுமையுண்டு. கடல் தன்னிச்சையாக இவர்களைக் கொல்லவில்லை. கைமாறாத ஒரு தகவல், தள்ளிப்போட்டிருக்கக் கூடிய ஒரு நெருக்கம், புறப்படாத ஒரு மிதவை என்பனவே கொன்றன. 'இவ்வேலை பாதுகாப்பானதன்று, நிறுத்துங்கள்' என்று சொல்லும் உரிமை கடைநிலைத் தொழிலாளிக்கும் உண்டென்று பெருங் கொம்பனிகள் இன்று எழுதி ஒட்டியிருக்கின்றன. ஆயின் அவ்வுரிமையைப் பயன்படுத்துபவன் யார்? அடுத்த கப்பலிலே தன்னை அனுப்பிவிட்டால் வேறிடத்திலே வேலை தேடக்கூடிய தேர்ச்சி பெற்றவன் பயன்படுத்துவான். வீட்டிலே வட்டி ஏறிக்கொண்டிருக்க, மாதச் சம்பளம் நின்றால் காணி போய்விடும் என்றஞ்சுபவன் வாய்திறக்க மாட்டான். எனவே தரகனுக்குக் கொடுத்த பணம் இழந்த பணம் மட்டுமன்று. அது தொழிலாளியின் வாய்க்கு அவனே வாங்கிக் கொடுத்த பூட்டாகும்.

இப்பூட்டுக்கு இரண்டாவது சாவியும் உண்டு, அது மொழி. உயிர்பிழைத்தல், தீயணைத்தல், முதலுதவி, பணியிடப் பாதுகாப்பு ஆகியவற்றிலே அடிப்படைப் பயிற்சி பெறாதவன் கப்பலேற முடியாது. மேடைக்குச் செல்பவன், கடலில் வீழ்ந்து கவிழ்ந்த ஹெலிகொப்டரின் உள்ளிருந்து நீரினூடே தப்பி வெளியேறவும் பழகவேண்டும். இவை உடம்பினாற் கற்க வேண்டியவை. நீர் மூக்கிலேறும் கணத்திலே சான்றிதழை எடுத்துப் படிக்க எவனுக்கும் நேரமிராது. ஆயினும் தமிழ் இளைஞர் பலர் இப்பயிற்சியை அரைகுறையாக விளங்கிய ஆங்கிலத்திலே, சான்றிதழ் பெறுவதையே நோக்கமாகக் கொண்டு கடந்து செல்கின்றனர். பயிற்சியின்றியே சான்றிதழ் 'எடுத்துத் தருவதாகச்' சொல்லும் தரகரும் இருக்கின்றனர். அத்தகைய சான்றிதழை வாங்குபவன் பிறரை ஏமாற்றுவதாக எண்ணுகிறான். உண்மையிலே தன் மரணத்துக்கு முற்பணங் கட்டுகிறான்.

"அப்படியாயின் போகாமலே இருந்துவிடலாமே" என்பது பெற்றோரின் வாதம். இது அன்பினால் எழுந்த வாதமாயினும் நியாயமானதன்று. ஆபத்தைச் சுட்டி மறிப்பவர்கள், பாதுகாப்புச் சாரமின்றிக் கொழும்பிலே மாடிக் கட்டடங்களின் உச்சியில் நின்று உழைப்போரைத் தினமும் காண்கின்றனர். அதனை ஆபத்தென எண்ணுவதில்லை. உண்மையிலே அவர்களைத் தடுப்பது உயிரச்சமன்று, அந்தஸ்தச்சம். கைகளிலே எண்ணெய் படியும் தொழில் கீழானது, மேசையருகே அமரும் தொழில் மேலானது என்ற எண்ணம் குடியேற்ற ஆட்சி எழுதுவினைஞரை உருவாக்கிய காலத்திலே வேரூன்றியது. அது இன்னும் வாடவில்லை. இதன் விளைவு விந்தையானது. மகன் தொழில் கற்க மூன்று ஆண்டு செலவிடுவதை இழிவாகக் கருதும் குடும்பம், அதே மகன் தொழில் எதுவுங் கல்லாமற் கடனோடு கடலுக்குப் போவதைக் கடைசியிலே ஏற்றுக்கொள்கிறது.

இன்னுமொரு மாயையுண்டு. மன்னார்க் கடலிலே எண்ணெய் இருக்கிறது. விரைவிலே வேலை இங்கேயே வரும் என்பது அது. 1970களிலே சோவியத்து உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையிலே துளையிட்ட காலந்தொட்டு இக்கனவு வாழ்கிறது. 2011 இலே கெயான் நிறுவனம் மன்னார்ப் படுகையின் ஆழ்கடலிலே இரு கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டது. ஆயின் 2014 நடுப்பகுதியில் ஒரு பீப்பாய் 110 டொலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 ஜனவரியிலே 30 டொலருக்குக் கீழிறங்கியது. இடையிலே 2015 இல் அந்நிறுவனம் விலகிச் சென்றது. அவ்வாயு இன்றுவரை வர்த்தக ரீதியாக எடுக்கப்படவில்லை. இவ்வரலாறு ஒரு பாடத்தையும் தருகிறது. எண்ணெயின் விலை வீழும்போது முதலிலே கரைக்கனுப்பப்படுபவன் தேர்ச்சியற்ற தொழிலாளியாவான். கடலிலே சம்பாதிப்பவன் நல்ல ஆண்டிலே கெட்ட ஆண்டுக்குச் சேமிக்காவிடின், அவனுடைய வீட்டின் மேல்மாடி கம்பி நீட்டியபடியே நிற்கும்.

அவ்வாறாயின் இளைஞனுக்குச் சொல்லத்தக்க அறிவுரை யாது? அது சுருக்கமானது. முதலிலே கரையிலே விலைபோகும் தொழிலொன்றைக் கற்க வேண்டும். ஒட்டுவேலை, மின்வினை, டீசல் இயந்திரம், பாரந்தூக்கல், குளிரூட்டல் ஆகியவற்றுள் ஒன்றிலே தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும், பட்டறையிலோ கப்பற்றளத்திலோ இரண்டு மூன்று ஆண்டு அனுபவமும் உடையவனைக் கடல் தானே தேடும். மொறட்டுவையிலுள்ள இலங்கை ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவனம் களுபோவிலையிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்திலே இருக்கிறது. மட்டக்குளி முகத்துவாரப் பக்கத்திலே, கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலேயே, சமுத்திரப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கொழும்புத் துறைமுகத்தினுள்ளே 1974 இலே தொடங்கிய கப்பற் கட்டுந்தளம் இருக்கிறது. கடலைத் தேடி நாடு கடக்குமுன் இவற்றின் வாயிலை ஒருமுறை மிதித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

அடுத்து, கையொப்பமிடுமுன் ஐந்து வினாக்களுக்கு எழுத்திலே விடை பெறவேண்டும். சம்பளம் தருபவன் யார், முகவனா கொம்பனியா? வேலைசெய்யும் கலத்தின் அல்லது மேடையின் பெயர் யாது, அது எந்நாட்டுக் கொடியின் அல்லது சட்டத்தின் கீழுள்ளது? எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் ஓய்வு, திரும்பிவரும் பயணச் செலவு யாருடையது? காயமோ மரணமோ நேரின் நட்டஈடு எவ்வளவு, எந்தக் காப்புறுதி அதனைக் கொடுக்கும்? முகவனின் உரிமம் இன்று செல்லுபடியாகிறதா? இறுதி வினாவுக்கு முகவனின் சுவரிலே தொங்கும் சட்டமிட்ட படம் விடையாகாது. கப்பல் வேலையாயின் வணிகக் கப்பற்றுறைச் செயலகமும், ஏனைய வேலையாயின் வேலைவாய்ப்புப் பணியகமும் விடை சொல்லும். இவ்வினாக்கள் மிகையானவை எனக் கருதுவோர், 2024 ஆம் ஆண்டிலே மட்டும் உலகெங்கும் 300க்கு மேற்பட்ட கப்பல்களிலே 3,000க்கு மேற்பட்ட கடலோடிகள் சம்பளமும் உணவும் இன்றி முதலாளிகளாற் கைவிடப்பட்டனர் என்பதை நினைவிற் கொள்க.

இவையனைத்தையும் இளைஞன் மட்டுமே தேடி அறிய வேண்டும் என்பது நீதியாகாது. இங்கே பல்கலைக்கழகத்தின் பொறுப்பு வருகிறது. நெய்தற்றிணையின் இரங்கலைப் பற்றி ஆண்டுதோறும் கட்டுரை எழுதும் கலைப்பீடம், இன்று உண்மையாகவே கடலுக்குச் சென்றவனுக்காகக் களுபோவிலையிலே காத்திருக்கும் குடும்பத்தின் கையிலுள்ள ஆங்கில ஒப்பந்தத்தைத் தமிழாக்கிக் கொடுத்ததில்லை. மொழியை வளர்ப்பது என்பது விழா நடத்துவது மட்டுமன்று. வேலை அனுமதிப் பத்திரம் என்றால் என்ன, உயிர்காப்புத் தோணியை எவ்வாறு இறக்குவது, சம்பளம் வராவிடின் எவ்விடத்திலே முறையிடுவது என்பவற்றைச் சொல்லத் தெரியாத மொழி, எத்துணைச் செம்மொழியாயினும், தன்னைப் பேசுபவனைக் கடலிலே தனியே விட்டுவிடுகிறது. கலைப்பீட மாணவர் பத்துப்பேரும் பொறியியற்பீட மாணவர் இருவரும் ஒரு விடுமுறைக் காலத்தைச் செலவிட்டால், அறுபது பக்கத்திலே அத்தகைய கைந்நூல் ஒன்றை ஆக்கிவிடலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாடசாலைகள், நூல் நிலையங்கள், கோயில் மண்டபங்கள் உள்ளன. அங்கே அதனை இலவசமாக வழங்கலாம்.

கடலுக்குப் போகிறவனைத் தடுப்பதும் தகாது. கண்ணைக் கட்டி அனுப்புவதும் தகாது. தொழிலோடு போகட்டும், கடனின்றிப் போகட்டும், ஒப்பந்தத்தை வாசித்து விளங்கிப் போகட்டும். அங்கே ஒருநாள், இது பிழை, இதனை நிறுத்துங்கள் என்று அவன் சொல்ல நேரிடும். அன்று அச்சொல்லை அஞ்சாது சொல்லக்கூடியவனாக அவனை ஆக்கி அனுப்புவதே அறிவுரை. ஏனையவை எல்லாம் தரகு.